ரெண்டு வருஷ எக்ஸ்டென்ஷன்: அமெரிக்கா, தென் கொரியா, ஒரு 123 ஒப்பந்தம்

இன்னைக்கு எபிசோட் ஒரு குட்டிச் சட்டத்தப் பத்தி. 2014 பிப்ரவரி 12, அமெரிக்க அதிபர் ஒபாமா அதுல கையெழுத்துப் போட்டார். சாராம்சம் ஒரே வரிதான்: தென் கொரியாவோட இருக்குற சிவில் அணுசக்தி ஒப்பந்தத்த 2016 மார்ச் 19 வரைக்கும் நீட்டிக்க அதிபருக்கு அனுமதி. பழைய ஒப்பந்தம் முடியறதுக்கு அப்போ வெறும் 35 நாள் பாக்கி.

முந்தின செப்டம்பர்லயே இதே விஷயத்துக்கு ஒரு மசோதா அவங்க பிரதிநிதிகள் சபையில வந்துச்சு. ஆதரவு 407, எதிர்ப்பு 0. ஒபாமா காலத்துல ரெண்டு கட்சியும் எதுலயும் ஒத்துப்போகாத ஒரு சபையில இப்படி ஒரு ஸ்கோர். அவ்ளோ ஒற்றுமைன்னா, முழுசா ஒரு புது ஒப்பந்தத்தையே போட்டிருக்கலாமே? ஏன் ரெண்டு வருஷம் மட்டும்? இந்தக் கேள்விக்குத்தான் நாம 1970களுக்குப் போகணும்.

முதல்ல அந்த 123. 2008ல நம்ம ஊர் டிவியில தினமும் ஓடின அதே 123தான். அமெரிக்காவோட 1954 அணுசக்திச் சட்டத்துல 123வது பிரிவு. அந்தப் பிரிவுப்படி ஒரு ஒப்பந்தம் இல்லாம அமெரிக்க அணு எரிபொருளோ, உலையோ, உலையோட முக்கிய பாகங்களோ வேற நாட்டுக்குப் போக முடியாது. 1974ல இந்தியா பொக்ரான்ல சோதனை நடத்தினதுக்கு அப்புறம் அமெரிக்கா பயந்துபோய், 1978ல இந்தச் சட்டத்த இறுக்கிடுச்சு. புதுசா போடற ஒப்பந்தங்களுக்கு 9 நிபந்தனை. கொரிய ஒப்பந்தமோ 1972ல கையெழுத்தாகி, 1973 மார்ச்ல அமலுக்கு வந்து, 1974ல திருத்தினது. அதாவது பழைய ரூல்ஸ்ல எழுதின கோடு. அதை அப்படியே ஓட விடணும்னா காங்கிரஸ் தனியா ஒரு சட்டம் போட்டு வழிவிடணும். (காங்கிரஸ்னா கட்சி இல்லங்க, அவங்க நாடாளுமன்றம்.)

இப்போ அதே காலகட்டத்துல சியோல்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1969ல நிக்சன், ஆசிய நட்பு நாடுங்க தங்களத் தாங்களே பாத்துக்கணும்னு அறிவிச்சார். 1971ல ஒரு முழு அமெரிக்க டிவிஷன் கொரியாவை விட்டுக் கிளம்பிடுச்சு. வடக்கே கிம் இல் சுங். அதிபர் பார்க் சுங் ஹீக்கு இது எப்படி இருந்திருக்கும்? அவர் ரகசியமா அணு ஆயுதத் திட்டத்த ஆரம்பிச்சார். பயன்படுத்தின எரிபொருள்ல இருந்து புளூட்டோனியம் பிரிக்க பிரான்ஸ்கிட்ட ஒரு ரீப்ராசஸிங் ஆலை வாங்கப் போனார். அமெரிக்காவுக்கு மோப்பம் தெரிஞ்சுது. அணு உலைக்கான கடன், ராணுவப் பாதுகாப்பு, ரெண்டையும் காட்டி அழுத்தினாங்க. 1975ல கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்த ஏத்துக்கிச்சு. 1976 தொடக்கத்துல பிரெஞ்சு டீல் ரத்து.

ஆக, வெஸ்டிங்ஹவுஸ் கட்டின கோரி-1 உலை 1978ல மின்சாரம் தர ஆரம்பிச்சப்போ, விற்கறவனும் வாங்கறவனும் ஒருத்தர ஒருத்தர் சந்தேகமாத்தான் பாத்துட்டு இருந்தாங்க. அமெரிக்க எரிபொருளோட வடிவத்தையோ உள்ளடக்கத்தையோ கொரியா மாத்தணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கணும். நடைமுறையில அதுக்கு அர்த்தம், அமெரிக்கா தலையாட்டணும்.

அடுத்த 40 வருஷத்துல கொரியா தலைகீழா மாறிடுச்சு. 23 உலைகள், நாட்டு மின்சாரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. 2009 டிசம்பர்ல ஐக்கிய அரபு அமீரகத்தோட பராக்காவுல 4 உலை கட்ட 2,000 கோடி டாலர் ஆர்டர். அமெரிக்கக் கம்பெனிங்களும் போட்டியில இருந்தாங்க, ஜெயிச்சது கொரியா. ஆனா அந்த டிசைனோட வேர் அமெரிக்காவுல, பாகங்கள் சிலதும் அங்கிருந்து. 123 காலாவதி ஆச்சுன்னா அந்த சப்ளை செயின்ல சிக்கல் வரும். ரெண்டு பக்கத்துக்கும் நஷ்டம். 407 ஓட்டுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

கொரியா கேட்டது ரெண்டு: யுரேனியம் செறிவூட்ட உரிமை, பயன்படுத்தின எரிபொருளை ரீப்ராசஸ் பண்ண உரிமை. குளத்துல எரிபொருள் நிரம்பிட்டே இருக்கு, புதுக் கிடங்குக்கு எந்த ஊரும் இடம் தரமாட்டேங்குது. அவங்க சொன்ன தீர்வு பைரோ-ப்ராசஸிங். இதுல புளூட்டோனியம் தனியா வராது, வேற தனிமங்களோட கலந்துதான் வரும், அதனால ஆபத்தில்லன்னு வாதம். அமெரிக்கா, பேரு மாறினாலும் அதுவும் ரீப்ராசஸிங்தான்னு சொல்லிடுச்சு.

இங்கதான் உண்மையான கசப்பு. 1988ல அமலுக்கு வந்த ஒப்பந்தத்துல ஜப்பானுக்கு இதே ரீப்ராசஸிங்க்கு அமெரிக்கா முன்கூட்டியே சம்மதம் குடுத்திருந்துச்சு. கொரியாவ 35 வருஷம் ஆண்ட ஜப்பானுக்கு! பக்கத்து வீட்டுக்காரனுக்கு சாவி, நமக்கு வாட்ச்மேனாங்கிற கோபம் சியோல் பத்திரிகைகள்ல அப்பட்டமா தெரிஞ்சுது. அமெரிக்கா பக்கமும் பதில் இல்லாம இல்ல. 2004ல கொரியாவே ஒத்துக்கிச்சு: அவங்க விஞ்ஞானிங்க 1982ல புளூட்டோனியத்தையும், 2000ல லேசர் வச்சு யுரேனியத்தையும் வெளியில சொல்லாம சோதிச்சிருக்காங்க. அளவு ரொம்பக் கொஞ்சம், ஆனா செறிவூட்டல் ஒரு கட்டத்துல 77 சதவீதம் தொட்டிருந்துச்சு. அதோட 1992ல வடக்கும் தெற்கும் இந்த ரெண்டு வேலையும் செய்யமாட்டோம்னு கூட்டா அறிவிச்சிருந்தாங்க. தெற்குக்கு இப்போ அனுமதி குடுத்தா, வடக்கை எந்த முகத்தோட கேட்கறது? 2013 பிப்ரவரி 12ல தான் வடக்கு தன்னோட மூணாவது அணுகுண்ட வெடிச்சிருந்துச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, அதே தேதியில ஒபாமா கையெழுத்து.

இன்னொரு முரண். பேச்சு முட்டி நின்னு, ரெண்டு வருஷம் தள்ளிப்போடலாம்னு 2013 ஏப்ரல்ல முடிவானப்போ சியோல்ல அதிபர் யாரு? பார்க் குன் ஹே. அந்த பார்க் சுங் ஹீயோட மகள். அப்பா போட்ட ஒப்பந்தத்துல, அப்பா மேல இருந்த சந்தேகத்தோட நிழல்லயே மகள் பேரம் பேசினாங்க.

ஒரு டெட்லைன தள்ளிவைக்கறது பெரும்பாலும் சோம்பேறித்தனம். இங்க அது வேலை செஞ்சுது. 2015 ஜூன் 15ல புது ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு, 20 வருஷத்துக்கு. முன்கூட்டியே முழு அனுமதி கொரியாவுக்குக் கிடைக்கல. அமீரகம் மாதிரி செறிவூட்டவே மாட்டோம்னு சட்டப்படி எழுதிக்குடுக்கவும் இல்ல. ரெண்டு நாட்டு உயர்மட்டக் குழு ஒண்ணு உருவாச்சு. அதுல பேசி ஒத்துக்கிட்டா 20 சதவீதத்துக்குக் கீழ செறிவூட்டல் வரைக்கும் கதவு திறக்கலாம். கதவு இருக்கு, பூட்டும் இருக்கு. என் பார்வையில கொரியா கேட்டதுல பாதிகூட இல்ல, ஆனா 1974 ஒப்பந்தத்தோட வச்சுப் பார்த்தா ரொம்ப தூரம்.

கோரி-1 உலையை 2017 ஜூன்ல நிறுத்திட்டாங்க. அதுல எரிச்ச எரிபொருள் இன்னும் அந்தக் கடற்கரை வளாகத்துலயேதான் இருக்கு.