தென்னையில் தொடங்கிய தொலையுணர்வு

1970-ஆம் ஆண்டில், கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேலே பறந்த ஹெலிகாப்டரிலிருந்து, அகச்சிவப்புக் கிரணங்களையும் பதிவு செய்யவல்ல விசேஷமான வர்ணப் படச்சுருளைக் கொண்டு, ஹாஸெல்பிளாட் காமிராவினால் எடுக்கப்பட்ட புகைப்படங்களே பாரத தேசத்தின் தொலையுணர்வு விஞ்ஞானத்துக்கு அஸ்திவாரமாயின. அம்முயற்சிக்குத் தலைமை வகித்த பிஷாரோட்டி, கொல்லங்கோட்டில் பிறந்து, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்று, வானிலை இயலில் பெரும் புகழ் ஈட்டிய பின், இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாயின் அழைப்பை ஏற்று ஆமதாபாத்துக்கு வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கேரளத்துக் குடியானவர்களின் ஜீவனாதாரத்தை அரித்துவந்த வேர் வாடல் நோயை ஆகாயத்திலிருந்து அடையாளம் காண இயலுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா.

இலையின் இயல்பிலேயே அதற்கு விடை இருந்தது. ஆரோக்கியமான இலையின் பச்சையம், உணவு தயாரிக்கும் பொருட்டுச் சிவப்பு ஒளியை உட்கொள்கிறது. உயிரணுக்களுக்கிடையே காற்றிடைவெளிகள் நிரம்பிய அதன் உட்புறமோ, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணங்களைச் சிதறடித்து வெளியே திருப்பிவிடுகிறது. அக்கிரணங்களைச் செந்நிறமாகக் காட்டும் அந்தப் படச்சுருளில் செழித்த மரங்களின் தலைகள் பளிச்சென்று சிவந்து தோன்ற, நோயுற்றவை மங்கித் தெரிந்தன.

1979 ஜூன் 7-ஆம் தேதி சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோளான பாஸ்கராவின் இரண்டு தொலைக்காட்சிக் காமிராக்களில் ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், மற்றொன்று அண்மை அகச்சிவப்புக்கும் என வகுக்கப்பட்டதில், தென்னந்தோப்பில் கற்ற அதே பாடத்தைக் காணலாம். ஆனால் அவை பிரித்தறிந்த பரப்பு சுமார் ஒரு கிலோமீட்டர் அளவினதாகையால், தோப்பு எது, வயல் எது என்று அவற்றால் சொல்ல இயலவில்லை. 1988 மார்ச் 17-ஆம் தேதி பைக்கனூரிலிருந்து புறப்பட்ட மற்றோர் இந்தியச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. 1972-இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோளான லாண்ட்ஸாட்டில் இருந்ததுபோல ஊசலாடும் கண்ணாடி இதற்குத் தேவைப்படவில்லை; ஒரே வரிசையில் அமைந்த 2,048 நுண்ணிய ஒளியுணர்விகள், செயற்கைக்கோள் முன்னேற முன்னேற, நிலத்தை வரி வரியாகப் பதிந்து சென்றன. அதன் முதல் வகைக் காமிராவில் ஒவ்வோர் உணர்விக்கும் 72.5 மீட்டர் சதுரம் பங்காயிற்று. இரண்டாவது வகையில் அச்சதுரத்தின் பக்கம் பாதியாகக் குறைந்தது.

ஒவ்வோர் உணர்வியும் பதிந்த ஒளியின் அளவாக இவ்வாறு வந்து சேருவது, உண்மையில், எண்களின் பெருந்தொகுதியே. அவ்வெண்களைப் பொருளுடையனவாக்க, 1970-களில் டெக்ஸாஸ் ஆராய்ச்சியாளர்கள் லாண்ட்ஸாட் பதிவுகளைக் கொண்டு ஓர் எளிய கணக்கை வழக்குக்குக் கொண்டுவந்தனர்: அகச்சிவப்பு அளவிலிருந்து சிவப்பு அளவைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. மலைச்சரிவிலும் சமவெளியிலும் வெயில் ஒரே சீராக விழுவதில்லையாதலால் உண்டாகும் வேற்றுமையை அந்த வகுத்தல் பெருமளவு சமன் செய்துவிடுகிறது. எஞ்சுவது −1 முதல் +1 வரையுள்ள, பசுமையின் அளவைக் கூறும் எண்.

பிற நாட்டார் செய்த கருவியைப் பெற்று, பிறகு அதற்கு உபயோகம் தேடுவது ஒரு மார்க்கம். தன் மக்களின் துயரை முதலில் அறிந்து, அதற்கேற்ற கருவியை நாடுவது மற்றொரு மார்க்கம். பிஷாரோட்டி பின்னதைக் கைக்கொண்டார். ஆகையால்தான், பயிர்ப் பரப்பையும் வனங்களையும் நீர்நிலைகளையும் கணக்கிடும் பொறுப்பைப் பிற்காலத்தில் ஏற்ற நம் செயற்கைக்கோள்களுக்கு, அவை பிறப்பதற்கு முன்னரே ஒரு தெளிந்த நோக்கம் வாய்த்திருந்தது.