பட்டாளத்து டாக்டர் படிப்பு

பக்கத்து வீட்டு நண்பரின் பேத்தி நீட் எழுதியிருக்கிறாள். புனே ராணுவ மருத்துவக் கல்லூரிக்கும் முயற்சி செய்யலாமா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அரசாங்கச் செலவு. அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் ராணுவ அதிகாரியாகப் பணிபுரிய வேண்டும். மாட்டேன் என்றால் பாண்டுத் தொகை கட்டவேண்டும், அதுவும் பெரிய தொகை. "இதெல்லாம் இப்போ வந்த ஏற்பாடு சார்" என்றார் நண்பர்.

இப்போது வந்ததல்ல. நம் சென்னை மருத்துவக் கல்லூரியே பட்டாளத்துக்காகப் பிறந்ததுதான். 1835-இல், கவர்னர் சர் ஃபிரெடரிக் ஆடம் காலத்தில், அது ஒரு சிறிய மருத்துவப் பள்ளியாக ஆரம்பித்தது. பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் வெள்ளைக்கார சர்ஜன்களுக்கு உதவியாக மருந்து கலந்து கொடுக்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் ஆள் தயாரிப்பதுதான் அதன் வேலை. 1850-இல் கல்லூரியானது.

அதற்கு மேல்படியில் இருந்தது இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், சுருக்கமாக ஐ.எம்.எஸ். அதன் அதிகாரிகள் அடிப்படையில் ராணுவத்தார். ஆனால் சமாதான காலத்தில் அவர்களையே ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் ஜெயிலுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பிவிடுவார்கள். 1855-இல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்தபோது வங்காளத்து சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி எழுதித் தேறினார். இந்தியர்களில் அவர்தான் முதல்வர்.

ஐ.எம்.எஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ரொனால்ட் ராஸ். அவருக்கு மருத்துவத்தில் ஆசையே கிடையாது. ஓவியம், கவிதை, கணக்கு என்று திரிந்த பிள்ளை. பட்டாளத்து ஜெனரலான அப்பாதான் ஐ.எம்.எஸ்ஸில் சேரச் சொன்னார். (பிள்ளை டாக்டராக வேண்டும் என்று தீர்மானிக்கும் அப்பாக்கள் நம் ஊரில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்!) 1881-இல் தேறி, சென்னை ராஜதானிக்கு வந்தார்.

அவர் வேலை பார்த்த விதத்தைக் கவனித்தால் இந்த ஏற்பாட்டின் இரு முகமும் தெரியும். சிக்கந்தராபாத்தில் கொசுவை அறுத்து மலேரியாவைத் தேடிக்கொண்டிருந்தவரை, 1895-இல் காலராவைக் கவனிக்க பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். 1897-இல் ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் போய் அவருக்கே மலேரியா வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 20-ஆம் தேதி, சிக்கந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். கண்டுபிடித்த சில வாரத்திலேயே மாற்றல் உத்தரவு! ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊர். அங்கே அவருக்கு வேண்டிய மலேரியா நோயாளிகள் இல்லை. ஆராய்ச்சிக்கு நோயாளிகள் கிடைத்தது பட்டாளத்தால்தான், அதை நடுவில் நிறுத்தியதும் பட்டாளம்தான். பிறகு கல்கத்தாவில் வேலை தொடர்ந்து, 1902-இல் நோபல் பரிசு வந்தது.

ஆகவே நண்பரிடம் நான் சொன்னது, பணக் கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான். எந்த ஊர், எந்த வேலை, எப்போது கிளம்பவேண்டும் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பதை அந்தப் பெண் சகித்துக்கொள்வாளா? அவளைத்தான் கேட்கவேண்டும், தாத்தாவை அல்ல.

1947-இல் ஐ.எம்.எஸ் முடிந்தது. 1948-இல் புனே கல்லூரி உருவானது. முதலில் அங்கே ஏற்கெனவே டாக்டரானவர்களுக்கு மேற்பயிற்சிதான். பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து எம்.பி.பி.எஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது 1962 ஆகஸ்டில். பெற்றோர் ரயிலேற்றி அனுப்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபரில் சீனா எல்லையைத் தாண்டியது. அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1965 யுத்தம் அந்த முதல் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே வந்துபோனது. 1971 யுத்தம் வந்தபோது அவர்கள் ராணுவத்தில் இளம் டாக்டர்கள்.