கான்டெஸாவும் நைட்ரஸும்: முதலில் எது உடையும்?

போன வாரம் சோழவரம் ரேஸ் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒருத்தர், "கான்டெஸாவுல நைட்ரஸ் போட்டா கியர்பாக்ஸ் தாங்குமா சார்?"னு கேட்டிருந்தார். சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பயமும். அதுக்கான பதிலை நான் பட்டினப்பாக்கத்துல நேராவே பார்த்திருக்கேன்.

முதல்ல வரலாறு. நைட்ரஸ் ஆக்ஸைடு, 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்த வாயு. 'சிரிப்பு வாயு' என்று பேர் வாங்கி, பல் டாக்டர்களிடம் மயக்க மருந்தாகப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இதை 'ஜிஎம்-1' என்ற பேரில் போர் விமான எஞ்சின்களுக்குள் செலுத்தினார்கள். உயரத்துல காத்து மெலிசு. இந்த வாயுவின் எடையில் சுமார் 36 சதவீதம் ஆக்ஸிஜன். எஞ்சின் சூட்டில் அது பிரிந்து, கூடுதல் பெட்ரோலை எரிக்க உதவும். போருக்குப் பிறகு அமெரிக்க டிராக் ரேஸ்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நம்ம ஊர் 'மசில் கார்' எதுன்னா, பலரும் சொல்றது கான்டெஸா. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரை அடிப்படையாக வைத்து, 1984 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. உடம்பு பெருசு; எஞ்சினோ அம்பாசடரின் 1489 சிசிதான். பிறகு 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் 5 கியரும் வந்தன. 2002-ல் தயாரிப்பு நின்றது.

இப்ப கணக்குக்கு வருவோம். நைட்ரஸ் ஒரே அளவில் பாய்வதால், கூடுகிற குதிரைசக்தி எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முறுக்குவிசை அப்படி இல்லை. 50 குதிரைசக்தி கூட்டினால், 5000 ஆர்பிஎம்மில் சுமார் 70 நியூட்டன் மீட்டர் ஏறும். 2000-த்தில் திறந்தால் ஏறக்குறைய 180! முதல் கியரும் பின்னச்சும் அதை இன்னும் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும்.

படகைக் கரையேத்துற கயிறு தெரியுமில்ல? சீரா இழுத்தா தாங்கும். வெடுக்குன்னு இழுத்தா அறுந்துடும். காரிலும் அதே கதைதான்.

என் அண்ணனோட சிநேகிதர் ஒருத்தர், 2001-ல் அந்த ஆங்கில ரேஸ் படம் வந்த பிறகு, தன் கான்டெஸாவில் சிலிண்டர் மாட்டினார். முதல்ல கிளட்ச் வழுக்கிச்சு. அவருக்குக் கோபம். அழுத்தம் கூடுன கிளட்ச் போட்டார். உண்மையில் அந்த வழுக்கல்தான் வீட்டு ஃபியூஸ் மாதிரி மத்ததைக் காப்பாத்திட்டு இருந்தது. ஃபியூஸுக்குப் பதில் தடிச்ச கம்பி போட்டா என்ன ஆகும்?

ஒரு விடியற்காலை, லூப் ரோட்டில், இரண்டாம் கியரில் வால்வைத் திறந்தார். டமார்! புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் உடைஞ்சு, ஷாஃப்ட் ரோட்டுல தீப்பொறி பறக்கத் தேய்ஞ்சது. கார் நின்ன இடத்துக்குப் பத்தடி தள்ளி, ஒரு அக்கா மீன் கூடையை இறக்கி வெச்சிட்டு இருந்தாங்க. அவங்க திட்டினதை இங்க சொல்ல முடியாது. நியாயமான திட்டு. நான் பின்சீட்டுல உட்கார்ந்திருந்தேன்.

அதனால நேயருக்கு என் பதில்: கியர்பாக்ஸை மட்டும் கேட்காதீங்க. கிளட்ச், ஷாஃப்ட், கிராஸ், கிரவுன் பினியன், ஆக்ஸில்னு சங்கிலி முழுக்கக் கேளுங்க. ஒரு கண்ணியை பலப்படுத்தினா, உடைப்பு அடுத்த கண்ணிக்கு நகரும். ஆர்பிஎம் ஏறும்முன் வால்வு திறக்காதபடி சுவிட்ச் வேணும். ஷாஃப்ட் கீழே விழாம தாங்க ஒரு இரும்பு வளையம் வேணும்.

எல்லாத்துக்கும் மேல, இடம் வேணும். போர்க்கால விமான ஓடுதளத்தைத் தேடி சோழவரம் போனாங்களே அந்தக் காலத்து ஆட்கள், 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே இருக்கே, அதெல்லாம் இதுக்காகத்தான். லூப் ரோடு மீன் விக்கிறவங்களுக்கு.

அடுத்த வாரம் பார்ப்போம்.