கோதுமை தோசையும் சாஸ்திரி விரதமும்

மாசக் கடைசி. மளிகை டப்பாவைத் தட்டினா சத்தம் மட்டும் வருது. இந்த மாதிரி நாள்ல எங்க வீட்டு ராத்திரிச் சாப்பாடு எப்பவும் ஒண்ணுதான்: கோதுமை தோசை. உளுந்து வேண்டாம், ஊறப்போட வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம். மாவைக் கரைச்சு, ஒரு கைப்பிடி அரிசிமாவு, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஊத்தினா முடிஞ்சது. தொட்டுக்கப் புளிமிளகாய். நாலு பேர் சாப்பிட எழுந்திருச்சா கல்லுல சூடுகூட மிச்சம் இருக்காது :-)

"சிக்கனத்துக்குச் சிக்கனம், உடம்புக்கும் நல்லது"ன்னு நான் ஒருநாள் பெருமையா சொல்லப்போக, அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "உங்க ஆச்சி இருந்தா உன்ன வெளக்குமாத்தால அடிச்சிருப்பா"ன்னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்ச கொசுவத்திதான் இது.

எங்க அம்மாவைப் பெத்த ஆச்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாமிரபரணித் தண்ணி பாயுற பூமி. மூணு வேளையும் சோறுதான் சாப்பாடுன்னு நினைச்ச வீடு. அப்படிப்பட்ட வீட்டு ராத்திரித் தட்டுல கோதுமை எப்படி வந்து உட்கார்ந்துச்சு?

ஆரம்பம் பர்மாவுல. ஐராவதி டெல்டாவுல விளையுற அரிசி கப்பல் கப்பலா சென்னை மாகாணத்துக்கு வந்துட்டிருந்தது. (அந்த டெல்டாவுல வயலுக்குப் பணம் போட்டவங்கள்ல நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் பெரிய பங்கு. அது தனிக் கதை.) 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில விழுந்ததும் அந்தக் கப்பல் நின்னுபோச்சு. 1943ல் வங்காளத்துல பஞ்சம், லட்சக்கணக்கில சாவு. அதே வருஷம் சென்னை நகரத்துக்கு ரேஷன் வந்தது. பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல்ல ரவா இட்லி பிறந்ததும் இந்த அரிசித் தட்டுப்பாட்டுலதான்னு சொல்லுவாங்க. நாம இன்னிக்கு முந்திரி பதிச்சு, காசு கூடக் குடுத்துச் சாப்பிடுறோம்!

சுதந்திரம் வந்தும் ரேஷன் போகலை. 1952ல் ராஜாஜி முதலமைச்சரா வந்துதான் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஆச்சி கல்யாணமாகி வந்த புதுசு அது. கொஞ்ச வருஷம் நல்லாத்தான் ஓடியிருக்கு.

அடுத்த அடி அறுபதுகள்ல. இதுக்குள்ள அமெரிக்கா 1954ல் பி.எல்.480ன்னு ஒரு சட்டம் போட்டு, அங்க மிஞ்சின தானியத்தை வெளிநாட்டுக்குத் தள்ள ஆரம்பிச்சிருந்தது. 1956ல் நாமளும் ஒப்பந்தம் போட்டோம். டாலர் வேண்டாம், ரூபாயிலேயே குடுக்கலாம். நமக்கும் வசதி, அவங்களுக்கும் கிடங்கு காலி. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் ஆரம்பிச்சப்போ அதோட முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்ல. நெல்லுக்கு அவ்வளவு முக்கியமான ஊர். ஆனா மழை பொய்ச்சுது. 1965லயும் பொய்ச்சுது, 1966லயும் பொய்ச்சுது. 1966ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியில இருந்து இந்தியாவுக்கு வந்தது, பெரும்பங்கு கோதுமை. அதையும் ஜான்சன் மொத்தமா விடலை. வியட்நாம் பத்தி நாம பேசுறது பிடிக்காம, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா அவிழ்த்துவிட்டார். அடுத்த கப்பல் வருமா வராதான்னு டெல்லியில ஆளுங்க எண்ணிட்டு இருந்திருக்காங்க.

இங்க ஆச்சி வீட்டுல எண்ணினது வேற. அம்மாவுக்கு அப்போ பத்து வயசு. ரேஷன் கடையில விடிகாலையிலேயே பையை வரிசையில போட்டு, அது மேல ஒரு கல்லை வெச்சுட்டு வந்துடணுமாம். அட்டைக்கு அரிசி கொஞ்சம், கோதுமை கூடுதல். கோதுமைன்னா மாவு இல்லைங்க, முழுக் கோதுமை. அதை வெச்சு என்ன பண்ணுறதுன்னு தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. முதல் தடவை ஆச்சி அதை அரிசி மாதிரியே உலையில போட்டு வடிச்சிருக்காங்க. ரப்பர் மாதிரி இருந்துச்சுன்னு அம்மா இன்னமும் முகத்தைச் சுளிப்பாங்க.

அப்புறம்தான் திருகையில உடைச்சு, சலிச்சு, வழி கண்டுபிடிச்சது. கீழ விழுந்த மாவு தோசைக்கு. மேல நின்ன குருணை உப்புமாவுக்கு. உமி மாட்டுக்கு. எண்ணெய் மிச்சம் பிடிக்கக் கத்திரிக்காய்க் காம்பை எண்ணெயில முக்கிக் கல்லுல ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். தொட்டுக்க, காணத்தை (உங்க ஊர்ல கொள்ளு) வறுத்து, வத்தல், பூண்டு, புளி வெச்சு அரைச்ச துவையல். தேங்காய் இருந்தா ஒரு துண்டு. கொல்லையில நின்ன முருங்கையில இருந்து கீரை. கறி மீனெல்லாம் அப்போ நினைப்புலயே கிடையாது. வாரத்துல அஞ்சு நாள் ராத்திரி இதேதான்.

இருக்கிற அரிசியைப் பொங்கி முதல்ல தாத்தாவுக்கு. அவருக்கு அந்தக் கோதுமை கதை கடைசிவரை சரியாத் தெரியாதுன்னு அம்மா சொல்லுறாங்க. தட்டுல சோறு இருந்தது, சாப்பிட்டார், எழுந்தார். பிள்ளைகளுக்குத் தோசை. கல்லை இறக்கின பிறகு மிச்சம் இருந்தா ஆச்சிக்கு.

ஒண்ணு சொல்லியாகணும். அரிசி இல்லையேன்னு அழுறதே ஒரு வசதிதான். எங்க வயல்ல நடவு நட்டவங்க வீட்டுல என்னிக்கும் ராத்திரி நெல்லுச் சோறு கிடையாது. கம்பும் கேழ்வரகும்தான், சோறு திருநாளுக்கு. நெல்லை விளைவிச்ச கைக்கு இல்லாத சோத்துக்காக ஆச்சி வருத்தப்பட்டாங்க. அப்போ இது அவங்களுக்குத் தோணியிருக்காது. எனக்கே இதை எழுத உட்கார்ந்தப்போதான் தோணுச்சு.

1967 தேர்தல்ல ரூபாய்க்கு அரிசின்னு தி.மு.க. சொன்னது ஏன் அப்படிப் பத்திக்கிச்சுன்னு இப்போ புரியுது. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". 1965 மொழிப் போராட்டமும் சேர்ந்துதான் காங்கிரஸைக் கவுத்தது, விருதுநகர்ல காமராஜரே தோத்தார். ஆனா எங்க தெருப் பொம்பளைங்களுக்கு ஒரு படிதான் காதுல விழுந்ததாம். அந்த வருஷமே சென்னையிலயும் கோவையிலயும் ஒரு ரூபாய்க்கு ஒரு படி போட்டாங்க. பணம் கட்டுப்படியாகாம அது நீடிக்கலை. திருநெல்வேலிக்கு வரவே இல்லை. ஆச்சி அண்ணாவைத் திட்டினதில்லை, ஆனா அந்த "நிச்சயம்"ங்கிற வார்த்தையைப் பேச்சுல ஒருமாதிரி இழுத்துச் சொல்லுவாங்க.

தொண்ணூறுகள்ல ஆச்சிக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் சொன்னது: "ராத்திரிச் சோறு வேண்டாம் பாட்டி, கோதுமை சாப்பிடுங்க." ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்து, "கெடைக்காதப்ப தின்னது போதாதாய்யா? இப்ப பானை நெறையச் சோறு இருக்கு, இப்பவும் அதையே திங்கணுமாக்கும்?"னு கேட்டாங்க. சாகுற வரைக்கும் ராத்திரி ஒரு கரண்டி சோறும் மோரும்தான். சர்க்கரை ஏறுச்சு, இறங்குச்சு, ஆச்சி மசியலை.

2011ல் இருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில அரிசி இலவசம். அதை ஆச்சி பார்க்கலை.

எங்க அம்மா திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட மாட்டாங்க. சோமவார விரதம்னு நான் சின்ன வயசுல இருந்து நினைச்சிட்டிருந்தேன். இந்தப் பேச்சு வந்த அன்னிக்குத்தான் கேட்டேன். 1965 யுத்த சமயத்துல பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, வாரத்துல ஒருவேளை சாப்பாட்டை விட்டுக்குடுங்கன்னு நாட்டைக் கேட்டார். திங்கக்கிழமை ராத்திரி ஹோட்டல்கூடப் பல ஊர்ல மூடியிருந்தது. ஆச்சி வீட்டுலயும் அன்னிக்கு அடுப்பு மூட்டலை. சாஸ்திரி அடுத்த ஜனவரியிலேயே தாஷ்கண்ட்ல போய்ச் சேர்ந்துட்டார். ஆச்சி நிறுத்தலை. ஒரு ராத்திரி அரிசி மிச்சமாச்சே! பிள்ளைங்க ஏன்னு கேட்டப்போ "சிவனுக்கு"ன்னு சொல்லிட்டாங்களாம்.

"அப்போ உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"னேன்.

"எனக்குக் கல்யாணம் ஆனப்பவே சொல்லிட்டா. நான்தான் விடலை"ன்னாங்க. நாளைக்குத் திங்கக்கிழமை. மாவு நாலு தோசைக்கு இருக்கு, மூணு பேருக்குத்தான் வேணும்.