ஒரு பிட் வித்தியாசம்

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வாடிக்கையாளரின் இணையதளத்தில் முகப்புப் படம் வரவில்லை என்று தகவல் வந்தது. அந்தப் பக்கத்தைச் செய்தவள் எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். போனில் கூப்பிட்டு, "படத்தை ஏத்த மறந்துட்டியா?" என்றேன். "இல்லண்ணா, ஏத்திட்டேன். என் லேப்டாப்ல வருதே" என்றாள். எங்கள் தொழிலில் இதைவிடத் தேய்ந்துபோன சாக்கு கிடையாது. கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. படக்கோப்பின் பெயர் கேபிடல் எழுத்தில் ஆரம்பித்தது. நிரலில் அதே பெயரை அவள் முழுக்க ஸ்மால் லெட்டரில் எழுதியிருந்தாள். அவளுடைய மேக் லேப்டாப்புக்கு இரண்டும் ஒரே பெயர். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. அவள் பொய் சொல்லவில்லை. சர்வர் மேலும் தப்பில்லை. அப்படியானால் ஒரே பெயரை இரண்டு கணினிகள் ஏன் இரண்டு விதமாகப் படிக்கின்றன? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 'அப்பர் கேஸ்' என்ற பெயர் அச்சகத்திலிருந்து வந்தது. 'கேஸ்' என்பது அச்சு எழுத்துகளைப் போட்டுவைக்கும் மரத்தட்டு. மேல்தட்டில் பெரிய எழுத்து, கீழ்த்தட்டில் சின்ன எழுத்து. ஆனால் ஆரம்பகாலக் கணினிகள் பலவற்றில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. ஓர் எழுத்துக்கு ஆறு பிட் ஒதுக்கினார்கள். அதில் 64 குறிகளுக்குத்தான் இடம். பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10 என்று எடுத்தாலே 62 ஆகிவிடும். கமா, புள்ளி, கூட்டல் குறிக்கெல்லாம் எங்கே போவது? சின்ன எழுத்தைக் கைவிட்டார்கள்.

டெக் நிறுவனம் இன்னும் சிக்கனம். அவர்களுடைய பி.டி.பி-11 கணினியின் 'ரேடிக்ஸ்-50' முறையில் மொத்தமே 40 குறிகள். 40-ஐ மூன்று முறை பெருக்கினால் 64,000. பதினாறு பிட்டில் 65,536 வரை அடங்கும் என்பதால் மூன்று எழுத்துகளை ஒரே பதினாறு பிட்டில் திணித்துவிடலாம். ஆர்.டி-11 இயங்குதளத்தில் கோப்பின் பெயர் ஆறெழுத்து, பின்னொட்டு மூன்றெழுத்து என்று இருந்தது இந்தக் கணக்கால்தான். அங்கே சின்ன எழுத்தைத் தடை செய்ய யாரும் விதி போடவில்லை. அதற்கு இடமே இல்லை.

1963-இல் வந்த ஆஸ்கி தரத்தின் முதல் வடிவத்திலும் சின்ன எழுத்து இல்லை. அதே காலத்தில் வந்து உலகமெங்கும் பரவிய டெலிடைப் 33 இயந்திரம் பெரிய எழுத்தை மட்டுமே அடித்தது. 1967-இல் திருத்திய ஆஸ்கியில் சின்ன எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. பெரிய 'ஏ'வுக்கு 65, சின்ன 'ஏ'வுக்கு 97. வித்தியாசம் 32. அதாவது ஒரே ஒரு பிட். என் வெள்ளிக்கிழமை இரவைத் தின்றது அந்த பிட்தான்.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முதல் பாதை. அவர்கள் பயன்படுத்திய டெலிடைப் 37-இல் சின்ன எழுத்து உண்டு. யூனிக்ஸ் கெர்னலுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சாய்கோடும் பூஜ்ஜிய பைட்டும் கூடாது, மற்றதெல்லாம் சரி. ஒரு பிட் மாறினாலும் அது வேறு கோப்பு. பழைய இயந்திரக்காரர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்நுழையும்போது பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால், 'பாவம், இவரிடம் பழைய டெலிடைப் போலிருக்கிறது' என்று யூனிக்ஸே முடிவு செய்து, அவர் அடிப்பதையெல்லாம் சின்ன எழுத்தாக மாற்றிக்கொள்ளும்.

இரண்டாவது பாதை 1974-இல் கேரி கில்டால் எழுதிய சி.பி/எம். டெக் கணினிகளின் பழக்கத்தைப் பின்பற்றிய அது, எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு என்று வைத்துக்கொண்டது. நீங்கள் எப்படி அடித்தாலும் கட்டளை நிரல் அதைப் பெரிய எழுத்தாக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், மாற்றியது கட்டளை நிரல் மட்டும்தான். பேசிக் மொழியிலிருந்து சின்ன எழுத்துப் பெயரில் ஒரு கோப்பைச் சேமித்துவிட முடியும். பிறகு அதைக் கட்டளை கொடுத்து அழிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும், கைக்குச் சிக்காது. இந்தப் பழக்கம் அப்படியே 1981-இல் எம்.எஸ்.டாஸுக்கும் அங்கிருந்து விண்டோஸுக்கும் போனது. ஆப்பிளும் விண்டோஸ் 95-உம் ஒரு சமரசம் செய்தன: நீங்கள் எழுதியபடியே சேமிப்போம், தேடும்போது மட்டும் வித்தியாசம் பார்க்க மாட்டோம்.

யார் பக்கம் நியாயம்? பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுக்க கேபிடல். டிகிரி சான்றிதழில் முதல் எழுத்து மட்டும். இரண்டும் நான்தானே. இப்படிப் பார்த்தால் ஆப்பிள் சொல்வது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் துருக்கியைப் பாருங்கள். 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறிய அந்த மொழியில் 'ஐ' எழுத்து இரண்டு. ஒன்றுக்குப் பெரிய எழுத்திலும் புள்ளி உண்டு. மற்றதற்குச் சின்ன எழுத்திலும் புள்ளி கிடையாது. எனவே ஆங்கிலக்காரரின் பெரிய 'ஐ'க்குச் சின்ன எழுத்து எது என்று துருக்கியரைக் கேட்டால் வேறு பதில் வரும். கோப்புக்குத் தன்னைப் படிப்பவரின் மொழி தெரியாது. எது எதற்குச் சமம் என்ற விதியும் யூனிகோட் வளர வளர மாறக்கூடியது. அதனால் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் முறை அந்த அட்டவணையை ஒவ்வொரு வட்டிலுமே எழுதிவைத்துக்கொள்கிறது. 65,536 இடங்கள், 128 கிலோபைட்.

பாதுகாப்பும் இதில் அடிபட்டது. கிட் மென்பொருள் தன் உள் அமைப்புகளை வைத்திருக்கும் கோப்புறையின் பெயரை வேறு யாரும் பயன்படுத்த விடாது. ஆனால் அதே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினால் விட்டுவிட்டது. மேக்கிலும் விண்டோஸிலும் அது அதே கோப்புறை. அதன் வழியே அந்நியர் உங்கள் கணினியில் கட்டளை ஓட்டலாம். 2014 டிசம்பரில் அவசரமாக அடைத்தார்கள்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை, தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். தப்பிக்கவில்லை. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே துண்டாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். ஆப்பிள் 1998-இல் கொண்டுவந்த கோப்பு முறை எப்படிக் கொடுத்தாலும் பிரித்துத்தான் சேமித்தது. லினக்ஸில் 'கொடி' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே இடத்தில் இருக்க முடியும். கேபிடல், ஸ்மால் என்றாலாவது கண்ணுக்குத் தெரியும். இதில் எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. பைட்டை மட்டும் பார்ப்பேன் என்கிற நேர்மைக்கும் ஒரு விலை இருக்கிறது.

கோப்பின் பெயர் மனிதனுக்குச் சொல், இயந்திரத்துக்கு எண். இரண்டு எஜமானருக்கு ஒரு வேலைக்காரன். இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டன. 2018 முதல் விண்டோஸில் வேண்டிய கோப்புறைக்கு மட்டும் வித்தியாசம் பார்க்கச் சொல்லலாம். 2019 முதல் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் வேண்டிய கோப்புறைக்கு மட்டும் வித்தியாசம் பார்க்காதே என்று சொல்லலாம்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, நானும் நான்தான் எதையோ மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றாள். அதுதான் எனக்கு உறுத்தியது. அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ மிச்சம் பிடித்த பிட்டுகளுக்கு அவள் தன்னையே குறைசொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் அணியில் கோப்புப் பெயர் எல்லாம் ஸ்மால் லெட்டர்தான். யாராவது "என் மெஷின்ல வருதே" என்றால் நான் திட்டுவதில்லை. "எந்த மெஷின்?" என்று மட்டும் கேட்கிறேன்.