கூடைப்பந்தாட்டம் பிறந்த வரலாறு

வாலிபர் தேகாப்பியாசத்தில் நாட்டமில்லாதவர் என்று பெரியோர் குறைகூறுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இக்குறை இன்று நேற்று எழுந்ததன்று. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலும் இத்தகைய பேச்சே எழுந்தது.

மைதானத்தில் விளையாடி மகிழ்ந்த மாணவர் பனிக்காலம் வந்ததும் மண்டபத்துள் அடைபட்டனர். அங்கே கிடைத்ததோ, கட்டளைக்குக் கைகாலை அசைக்கும் சுவீடன், ஜெர்மன் தேசத்து அப்பியாசங்கள். (வெயிலில் வரிசையாக நின்று கையை உயர்த்தித் தாழ்த்திய அலுப்பை நாமும் அறிவோம்.) ஒரு வகுப்பினர் 18 பேர் இவற்றை முற்றாக வெறுத்தனர். ஆசிரியர் இருவர் முயன்று கைவிட்டபின், அவ்வகுப்பு ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் 30 வயதுக் கனேடியரிடம் வந்தது. மேலாளராயிருந்த லூதர் குலிக் 14 நாள் தவணை கொடுத்தார்.

நெயிஸ்மித் மாணவரைச் சோம்பேறிகளென்று வையவில்லை. கோளாறு மாணவரிடத்தன்று, கற்பிக்கும் முறையிலேயே என்று எண்ணினார். அவர் வரலாற்றில் நம்மை மிகக் கவர்ந்தது இதுவே. முதலில் வெளிவிளையாட்டுக்களை மண்டபத்துள் ஆடுவித்துப் பார்த்தார்; அவை முரட்டுத்தனமாய் முடிந்தன. பின்னர் அமர்ந்து ஆராய்ந்தார். பந்தோடு ஓடுவதனாலன்றோ எதிரி பிடித்து வீழ்த்துகிறான்? ஆகவே பந்தோடு ஓடலாகாது என்றார். இலக்கு நேரெதிரே நின்றால் பந்தை வேகமாக எறிவர்; தலைக்குமேல் இருந்தாலோ மெல்ல வளைத்தெறியவேண்டும். சிறுவயதிற் கல்லெறிந்து ஆடிய ஒரு கிராமத்து விளையாட்டு இதை அவருக்கு நினைவூட்டிற்று.

இலக்குக்காக அவர் பெட்டிகள் கேட்டார். மண்டபக் காவலரிடம் இருந்தவை பீச் பழக் கூடைகள் இரண்டே. அவை மேல்மாடத்து விளிம்பில் அறையப்பட்டன. அம்மாடம் 10 அடி உயரமாயிருந்தமையால் வளையத்தின் உயரம் இன்றும் 10 அடியே!

13 விதிகள் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டன. டிசம்பர் 21ஆந் திகதி, பக்கத்துக்கு 9 பேராக ஆடினர். விழுந்தது ஒரே ஒரு பந்து. எனினும் அப்பியாசத்துக்கு முகஞ்சுளித்த அதே வாலிபர் இதனை விடவில்லை. நத்தார் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்கும் கொண்டுசென்றனர்.

இவ்வாட்டம் கடினமாயிருந்த நடுத்தர வயதினர்க்காக, ஸ்பிறிங்பீல்டிற் கற்ற வில்லியம் மோர்கன் 1895இல் வேறொன்றை வகுத்தார். அதுவே கரப்பந்தாட்டம், 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அதே கல்லூரியிற் கற்ற ஹரி குறோ பக் 1920இல் சென்னையிலே உடற்கல்விக் கல்லூரியொன்றை நிறுவினார்.