உபதேசியார் நடந்த வழி



ஒரு தலித் இலக்கிய மேடையின் நினைவுச் சொற்பொழிவில் திருச்சபை ஊழியர்களின் மனவுறுதி பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பேசத்தான் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் சேரித் தெருவுக்குள் தயங்காமல் நடந்துபோகிற படித்த மனிதர்களைக் கணக்கெடுத்தால், அந்தச் சிறிய பட்டியலில் ஆயரும் உபதேசியாரும் இருப்பார்கள். அவர்கள் சோர்ந்துபோனால் அந்தத் தெருவுக்கு ஒரு குரல் குறையும். எங்கள் கூட்டங்களுக்கு வருகிற இளம் ஆயர்கள் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். சாதியைப் பற்றிப் பேசினால் சபை உடைகிறது, பேசாவிட்டால் மனச்சாட்சி உறுத்துகிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? இதற்குப் பதிலாக ஆறுதல் வார்த்தை சொல்ல நாங்கள் வரவில்லை. இந்த மண்ணின் வரலாற்றிலிருந்து சிலவற்றை எடுத்துவைக்கவே வந்திருக்கிறோம்.

கோம்பை உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்குக் கோம்பை என்றால் நாய் நினைவுக்கு வரும். எங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டுப் பள்ளத்தாக்கில் தண்ணீர் பாய்ந்தது. வயல் செழித்தது. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வயல் சொந்தமில்லை. இந்த மண்ணில் ஊழியம் என்றால் என்ன என்பதை இந்த நிலவுறவை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இந்தப் பகுதிக்குப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம் வந்த பெருவழி அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனின் கிளையாக அது மதுரையில் தொடங்கியது. வெள்ளைக்கார மிஷனெரிகளோடு யாழ்ப்பாணத்தில் படித்த தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். முதல் அடியிலேயே தமிழர் கால் பதிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு திருமங்கலத்தில் செமினரி தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாறியது. பெரியகுளம் ஒரு மிஷன் நிலையமாக வளர்ந்தது.

மிஷனெரி பெரியகுளத்தில் தங்கியிருப்பார், கோடையில் கொடைக்கானல் ஏறுவார். கிராமத்தில் தங்கியவர் உபதேசியார். எழுத்துக் கற்றுக்கொடுத்தவரும், கடிதம் வந்தால் படித்துக் காட்டியவரும், மனு எழுதிக் கொடுத்தவரும், காலரா நாளில் பிணத்தை அடக்கம் செய்தவரும் அவரே. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமை வாடியபோது சனங்களோடு சேர்ந்து பசித்தவரும் அவரே. ஆனால் பாஸ்டனுக்குப் போன அறிக்கைகளைப் புரட்டினால் மிஷனெரியின் பெயர் முழுமையாக இருக்கிறது. உபதேசியார்களோ பெரும்பாலும் 'சுதேச உதவியாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டோர் வரலாறு எழுதும்போது நாம் எங்கும் சந்திக்கிற இடைவெளி இதுதான். உழைப்பு ஒருவருடையது, ஆவணம் இன்னொருவருடையது.

இனி சாதிக்கு வருவோம். கிறிஸ்தவம் இங்கே சாதியோடு இரண்டு விதமாக உறவாடியிருக்கிறது. 1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நொபிலி உயர்சாதியினரை ஈர்க்கச் சந்நியாசி வேடம் பூண்டார். 1640 முதல் மற்றச் சாதிகளுக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் வந்தார்கள். ஒரே நற்செய்தி, இரண்டு வாசல்கள். வடக்கன்குளத்தின் இரட்டைக் கால் கோயிலும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுச்சுவரும் அந்த வழியில்தான் வந்தன. 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டபோது வெடித்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் அது முடிந்துபோன கதையல்ல என்று காட்டின.

இரண்டாவது வழி 1847இல் மதுரை மிஷன் எடுத்த முடிவு. சாதியை விடாதவர் சபை உறுப்பினராக இருக்க முடியாது என்று அது தீர்மானித்தது. விட்டதற்கு அடையாளம் வாய்ச்சொல் போதாது. ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்த உணவை எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். பலர் மறுத்து வெளியேறினார்கள். அவர்களில் உபதேசியார்களும் செமினரி மாணவர்களும் இருந்தார்கள். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த ஆட்களை மிஷன் ஒரே ஆண்டில் இழந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிகளின் மாநாடும் சாதிக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதில் சேராமல் சாதிக்கு இடம்கொடுத்தது.

சபை உடைந்துவிடும் என்று அஞ்சுகிற இளம் ஆயருக்கு நாங்கள் காட்ட விரும்புகிற முதல் சான்று இதுதான். அந்த அச்சம் 1847இலேயே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. சபை உடைந்தது, ஆனால் அழியவில்லை. அது 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையோடும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையோடும் இணைந்து இன்றும் இருக்கிறது. வெளியேறியவர்களைக் கணக்கெடுக்கிற வரலாறு, அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களையும் கணக்கெடுக்க வேண்டும். முதன்முறையாகத் தன் கையால் சமைத்ததைப் பிற சாதியார் உண்பதைப் பார்த்த சேரிப் பெண்ணுக்கு அந்த நாள் என்னவாக இருந்திருக்கும்?

இதைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் சமூகவியல் படித்தவர்களுக்கு அழகில்லை. பந்தி சோதிக்கப்பட்டது, நிலம் சோதிக்கப்படவில்லை. திருமணம் பழைய வழியிலேயே போனது. மிஷனெரிக்கும் சுதேச ஊழியருக்கும் இடையிலிருந்த உயரமும் அப்படியே இருந்தது. 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா அதை வெளிப்படையாகச் சொன்னார். மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று கேட்டார். அரங்கிலிருந்த பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகளில் அவரே முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். தோர்ணக்கலில் மாலா, மாதிகா மக்களிடையே பணிசெய்தார். மேலிடத்தில் உண்மையைச் சொன்னதால் ஊழியம் முடிந்துபோய்விடவில்லை என்பதற்கு இது இரண்டாவது சான்று.

நாடு விடுதலை பெற்ற பிறகு சுமை வேறு வடிவில் வந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, அரசு கொடுத்த கடைப்பெட்டி தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1985இல் தோற்றார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. நிறைவேறவில்லை. அதனால்தான் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயருமாக நம் பிள்ளைகள் வாழ்கிறார்கள். அந்தப் பதிவேட்டைப் பூட்டிவைத்திருக்கிற ஆயர், ஒரு தலைமுறையின் கல்வியையும் அதன் விசுவாசத்தையும் ஒரே கையில் ஏந்தி நிற்கிறார். அவருடைய சோர்வுக்கு அரசாணை எண் உண்டு. ஜெபக் குறைவு என்று அதை யாரும் சொல்லக் கூடாது.

மூன்றாவது சான்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, நாம் அறிந்த பரட்டை, 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனையே பக்தி என்றிருந்த சபைக்குள் பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாடாகக் கொண்டுவந்தார். திருவிருந்தை 'ஒரு உலை' என்று விளக்கினார். எல்லோர் அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும், எல்லோரும் அதிலிருந்து உண்ண வேண்டும். 1847இன் பந்தியில் விடுபட்ட உழைப்பையும் உடைமையையும் அவர் அந்த உலைக்குள் போட்டார் என்று நாங்கள் வாசிக்கிறோம். அவரிடம் படித்துக் கிராமங்களுக்குப் போன ஆயர்கள் இன்றும் அந்தப் பாட்டுகளைக் கொண்டு ஊழியம் செய்கிறார்கள்.

ஆகவே இளம் ஆயர்களுக்கு எங்கள் சொல் இது. நீங்கள் தனியாக நிற்கவில்லை. பெயர் எழுதப்படாத உபதேசியார்களின் நீண்ட வரிசையில் கடைசியாக நிற்கிறீர்கள். அவர்கள் சபையின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, தெருவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செயற்பாட்டாளர்களுக்கு ஒன்று: கல்லறைச் சுவரை எதிர்த்துப் பேசிய ஆயருக்கு அடுத்த மாதமே பணிமாற்றம் வந்தால், அதைத் திருச்சபையின் உள்விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். அது நம் விவகாரம். மதம் நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விவாதம்.

மாணவர்களுக்கு ஒன்று: கோம்பையிலும், தேவாரத்திலும், உத்தமபாளையத்திலும், கம்பத்திலும் பாட்டிமார் நினைவில் உபதேசியார்களின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நோட்டோடு போய் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர், ஊர், எந்த வேப்பமரத்தடியில் பள்ளி நடத்தினார், எங்கே அடக்கமானார். பாஸ்டனுக்குப் போன அறிக்கையில் வெறும் எண்ணாக நின்றவர்களுக்கு நம் கையெழுத்தில் பெயர் கொடுப்போம்.